விரலால் அளந்த புள்ளடி

என் கணவருக்குக் கண் தெரியாது என்ற விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, எனக்கு, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்த டொக்டருக்கு. எங்கள் கோயில் புனித யாகப்பரையும் சேர்த்தால் நான்கு. அவர் வாய் திறக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் ஞாயிறு தவறாமல் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தேன்.

குருநகரிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். போனால் வாசற் காவலாளி முதல் கிளினிக் வாங்கில் குந்திக் காத்திருக்கும் மனுசிகள் வரை எல்லாம் எங்கள் ஊர்ச் சனம். "என்ன எமில், கண்ணுக்கு என்ன?" என்று ஒரு வாய் கேட்டால் போதும். மத்தியானம் மீன் சந்தைக்குள் வந்து, பின்னேரம் போட் முதலாளி சம்மாட்டியின் காதுக்குப் போய்விடும். அதனால் பஸ் ஏறித் தெல்லிப்பழைக்குப் போனோம்.

சலரோகம், அந்தச் சீனி வருத்தம், அவருடைய வலது கண்ணை முற்றாகத் தின்றுவிட்டது. இடது கண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. டொக்டர் பிள்ளை இளம் பெண்.

"ஐயாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

"சின்னக் கடை ஒண்டு பிள்ளை," என்று நான் முந்திக்கொண்டேன்.

"அப்ப பரவாயில்லை அம்மா. வாகனம் ஓட்டுறது, கடல் தொழில் எண்டால் இண்டையோடை விடச் சொல்லியிருப்பன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ ஒன்றும் நடக்காத மாதிரி, "மருந்துத் துண்டை வாங்கு, போவம்," என்றார்.

அவர் எமில்ராஜ். செபநாயகம் சம்மாட்டியின் பெரிய போட்டுக்கு ஓட்டி. அதாவது போட்டும் வலையும் சம்மாட்டியுடையவை, ஆனால் கடலில் இறங்கிய பிறகு இவர் சொல்வதுதான் சட்டம். எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது, காற்று மாறினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எல்லாம் இவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஓட்டி என்றால் கரையில் ஒரு மதிப்பு. கண் தெரியாத ஓட்டியை யார் வைத்திருப்பார்கள்? இறக்கிவிட்டால் கரையில் இருந்து மற்றவனுடைய கிழிந்த வலையைப் பொத்தவேண்டியதுதான். அதற்கும் கண் வேண்டும்.

சரி, எப்படிச் சமாளித்தார் என்று கேட்பீர்கள். சுக்கான் பிடிப்பதை எங்கள் மருமகன் றயனிடம் கொடுத்துவிட்டு, தான் அணியத்தில், போட்டின் முன்பக்கத்தில், இருந்துகொண்டார். "பெடியன் பழகட்டும்," என்று ஒரு சாட்டு. காற்று முகத்தில் படுகிற விதத்தையும் தண்ணீர் பலகையில் அடிக்கிற சத்தத்தையும் வைத்துத் திசை சொன்னார். ஜீபிஎஸ் பார்க்க வேண்டுமென்றால், "கண்ணாடியை வீட்டை விட்டிட்டன், நீ வாசி," என்பார். கண்ணாடியை ஒரு மனிதன் ஒவ்வொரு நாளும் வீட்டில் விடுவானா என்று யாரும் யோசிக்கவில்லை. ஓட்டியைச் சந்தேகிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை.

எனக்கோ பயம். சும்மா பயமில்லை. அவர்கள் பின்னேரம் போட்டைத் தள்ளும்போது பிடிக்கும் பயம், விடிய எஞ்சின் சத்தம் கேட்கும்வரை விடாது. அந்த றயன்தான் என் மகள் றொசாந்தியின் புருஷன், அவனும் அதே போட்டில் போகிறான். அவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். என் வீட்டு மேசையில் இருந்து சோறு தின்றுகொண்டு, "அப்பாவோடை போறார்தானே அம்மா, எனக்கென்ன பயம்," என்பாள். நான் குழம்பை அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்பேன். அந்தக் குழம்பில் துழாவ ஒன்றும் இருக்காது.

தை மாதம் ஒரு நாள், இருட்டுக்குள் இவர் சொன்ன திசையில் போய், ஆழமில்லாத களப்பில் யாரோ நட்டிருந்த வலைத் தடியில் போட் மோதி எஞ்சினின் காற்றாடி உடைந்தது. "எவனோ வழியிலை தடி நட்டிருக்கிறான்," என்று இவர் கரையெல்லாம் ஏசினார். சம்மாட்டியும் சேர்ந்து ஏசினார். தடி எப்போதும் அங்கேதான் நின்றது என்பதை இவரும் நானும் இரகசியமாகக் கதைத்தோம்.

"இனிக் காணும், விடுங்கோ," என்றேன்.

"விட்டிட்டு?"

நான் கத்தினேன். என் குணம் அது.

இப்படி இருக்கும்போதுதான் மாநகர சபைத் தேர்தல் வந்தது. சம்மாட்டியின் மருமகன் எங்கள் வட்டாரத்தில் சுயேச்சைக் குழு ஒன்றில் நின்றான். சின்னம் தேத்தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தில். பொடியன் நல்லவன், ஆனால் மேடையில் ஏறினால் எதைச் சொல்ல வந்தோம் என்பதை மறந்துபோகிறவன். யாராக இருந்தால் என்ன, சம்மாட்டியின் போட்டில் போகிற வீடெல்லாம் கேத்திலுக்குத்தான் போட வேண்டும். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

தேர்தலுக்கு முன்பு எங்கள் கிராம அலுவலர் ஜி.எஸ் ஐயா வாக்காளர் இடாப்பு, அந்தப் பெயர்ப் பட்டியல், சரிபார்க்க வந்தார். பெயர்களைச் சரிபார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டிலை நடக்க ஏலாத, கண் தெரியாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ? இருந்தால் வோட்டுப் போட உதவிக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாம். டொக்டரிட்டைக் காட்டி ஒரு படிவம் நிரப்பித் தந்தால் நான் ஒப்பம் வைப்பன்."

"இல்லை ஐயா, எல்லாரும் நல்ல சுகம்," என்றேன்.

அவர் பக்கத்துக் கதிரையில் சிரித்துக்கொண்டு இருந்தார், என் நல்ல சுகக்காரர். ஜி.எஸ்ஸின் அலுவலகம் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அடுத்த கதவு. அந்தப் படிவம் அங்கே போனால் மை காய முதல் ஊருக்குத் தெரிந்துவிடும்.

போகாமலே விடலாம் என்றேன். காய்ச்சல் என்று படுத்துவிடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. வாக்குச்சாவடிக்குள் ஒவ்வொரு கட்சிக்கும் முகவர் இருப்பார். அலுவலர் பெயரை உரத்து வாசிக்க, முகவர் தன் இடாப்பில் கீறிக்கொள்வார். யார் வந்தது, யார் வரவில்லை என்பது பின்னேரத்துக்குள் தெரியும். கேத்திலுக்கு முகவராக இருக்கப்போவது சம்மாட்டியேதான்.

"அந்த மனுசன் இடம்பெயர்ந்து வந்த காலத்திலை எனக்குப் போட் தந்தவர்," என்றார் இவர். "அவற்றை கண்ணுக்கு முன்னாலை நான் நிமிர்ந்து போய் வோட்டுப் போட்டிட்டு வருவன். நீ பாரன்."

சரி, போகத்தான் வேண்டுமென்றால் பழக வேண்டும். யன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் வாக்குச்சாவடி ஒன்று கட்டினேன். பிஸ்கற் பெட்டியை மேசையில் நிமிர்த்தி மறைப்பு, அரிசித் தகரம் பெட்டி, நான் தேர்தல் அலுவலர். சிரிப்பு வரவேண்டிய வேலை. எனக்கு வரவில்லை. முதலில் அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும். பிறகு இடது கைச் சின்ன விரலை நீட்ட வேண்டும், மை பூசுவார்கள். பிறகு சீட்டு. மறைப்புக்குள் போய்ப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி, ஒன்றே ஒன்று, கோடு தாண்டக்கூடாது. மடித்துக்கொண்டு வந்து பெட்டியில் போட வேண்டும்.

"கேத்தில் எங்கை எண்டு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"உந்த நோட்டீசைத் தா."

கேத்திலுக்குப் போடுங்கள் என்று சம்மாட்டி வீட்டார் பகிர்ந்த நோட்டீஸ் அது. வாக்குச்சீட்டைப் போலவே கட்டம் கட்டி அச்சடித்து, கேத்திலுக்கு நேரே ஒரு புள்ளடியும் போட்டிருந்தார்கள். வலைக் கண்ணை எங்கள் ஆட்கள் விரலால் அளப்பார்கள். இரண்டு விரல் போகுமா, மூன்று விரல் போகுமா என்று கையை விட்டுப் பார்த்தால் அளவு சொல்லிவிடுவார்கள், அடிமட்டம் தேவையில்லை. அவர் நோட்டீசின் மேல் விளிம்பில் கையை வைத்தார். "சொல்லு," என்றார். நான் அவருடைய விரலைப் பிடித்துக் கேத்திலில் வைத்தேன். ஒரு கை அகலம், அதற்குக் கீழே மூன்று விரல். வலது ஓரத்திலிருந்து பெருவிரல் நகமளவு உள்ளே. அவ்வளவுதான். நாங்கள் அதைப் பாடமாக்கினோம். முடிவில் அவர் பிழையே விடவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்த மடைத்தனத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தேர்தலன்று காலைப் பூசை முடிந்த கையோடு போனோம். வாக்குச்சாவடி அவர் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடம். வாசல், படி, மண்டபக் கதவு எல்லாம் காலுக்குத் தெரியும். அவர் முன்னே, நான் பின்னே. றயன் முன்னதாகவே போட்டுவிட்டு வெளியே நிற்பதாகச் சொல்லியிருந்தான். செபமாலையை உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டே நடந்தேன்.

மண்டபத்துக்குள் கட்சி முகவர்கள் சுவரோரமாக வரிசையாக இருந்தார்கள். சம்மாட்டி வெள்ளைச் சேட்டோடு நடுவில். இவரைக் கண்டதும் தலையை ஆட்டினார். இவர் ஆட்டவில்லை. எப்படி ஆட்டுவார்? "உங்களைப் பாத்துத்தான் தலையாட்டுறார்," என்று முணுமுணுத்தேன். இவர் பொதுவாக ஒரு சிரிப்பைச் சுவர்ப்பக்கம் அனுப்பினார்.

"இருதயநாதன் எமில்ராஜ்," என்று அலுவலர் உரத்து வாசித்தார். முகவர்கள் கீறினார்கள். விரலை நீட்டினார், மை பூசினார்கள். சீட்டைக் கொடுத்த பிள்ளை கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். கடுதாசி சரசரத்த பிறகுதான் அவருடைய கை அங்கே போனது. வாங்கிக்கொண்டு திரும்பி, நேரே, ஆள் நிற்கிற மறைப்பை நோக்கி நடந்தார்!

"இஞ்சேருங்கோ, மற்றப் பக்கம்தான் ஆளில்லை!" என்று கத்திவிட்டேன்.

தலைமை தாங்கும் அலுவலராக இருந்த ரீச்சர் என்னைப் பார்த்தார். "அம்மா, உள்ளுக்குச் சத்தம் போடக்கூடாது."

அவர் திரும்பி மற்ற மறைப்புக்குள் போனார். போனவர் வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. மறைப்புக்கு மேலே அவருடைய குனிந்த முதுகு மட்டும் தெரிந்தது. ரீச்சர் எழும்பினார்.

"ஐயாவுக்கு ஏதும் உதவி வேணுமோ? கண் தெரியாட்டில் நானே கேட்டுப் போட்டுத் தரலாம், சட்டத்திலை இடம் இருக்கு."

ஆனால் சம்மாட்டி சிரித்தார்.

"உவனுக்கோ கண் தெரியாது? உவன் எல்லாம் மெல்ல, ஆறுதலாத்தான் செய்வான் ரீச்சர். வலை விட்டாலும் உப்பிடித்தான்."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் இவர் வெளியே வந்தார், சீட்டை நேர்த்தியாக மடித்துக்கொண்டு. ரீச்சரின் குரல் வந்த பக்கமாக நடந்து, பெட்டியின் மூடியில் ஒரு கையை மெல்ல வைத்து, வாயைத் தடவிப் பிடித்து, சீட்டை உள்ளே விட்டார். யாரும் எதையும் கவனிக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு என் முறை. சீட்டை மறைப்புக்குள் விரித்தேன். விரித்துக்கொண்டே போனேன். அது நோட்டீசைப் போல இரண்டு பங்கு நீளம். எத்தனையோ கட்சி, எத்தனையோ சுயேச்சை. கேத்தில் எங்கேயோ அடியில் கிடந்தது. ஒரு கை அகலமும் மூன்று விரலும் வைத்துப் பார்த்தேன். இரண்டு கட்டங்களுக்கு நடுவே, கோட்டின் மேலேயே வந்தது. நோட்டீஸ் அடித்தவர்கள் காசு மிச்சம் பிடிக்க மற்றக் கட்சிகளைப் பாதிக்கு மேல் விட்டுவிட்டு அடித்திருக்கிறார்கள். கட்சிக்காரன் நோட்டீசில் தன்னை மட்டும்தானே ஒழுங்காகக் காட்டுவான், இது ஒரு புதினமா? இதைக்கூட யோசிக்காமல் நானும் ஓர் அலுவலர் என்று அரிசித் தகரத்தோடு நின்றிருக்கிறேன். என் புள்ளடியை எங்கே போட்டேன் என்பது என்னோடு இருக்கட்டும்.

வெளியே பள்ளிக்கூட மதிலோரம் அவர் நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அச்சொட்டா வந்தது வசந்தி. ஒரு கை, மூண்டு விரல். கேத்திலின்ரை மூக்கிலையே போட்டிருப்பன்."

"ஏன் அவ்வளவு நேரம்?"

"ரெண்டு தரம் அளந்தனான். பிழை விடக்கூடாதெல்லே? கடுதாசி நீளமாத்தான் இருந்தது, நான் மேல் விளிம்பிலை இருந்துதானே அளந்தனான்."

புள்ளடி பிழையாகிவிட்டது என்பதல்ல என்னைப் பிடித்து உலுக்கியது. பிழையானது தெரியாமல் இவ்வளவு சந்தோஷமாக நிற்கிறாரே, அது. இரண்டு தரம் அளந்து, நிச்சயமாகச் சரி என்று நம்பிக்கொண்டு நிற்கிறார். கடலிலும் இப்படித்தானே நம்புவார்? தடியில் மோதிய அன்றும் இப்படித்தானே நம்பியிருப்பார்?

அந்த நேரத்தில் சம்மாட்டி தேநீர் குடிக்க வெளியே வந்தார். தன் இடத்தில் வேறொருவரை இருத்திவிட்டு நேரே எங்களிடம் வந்து இவருடைய தோளில் தட்டினார்.

"எமில், நாளைக்குப் புதுப் போட்டை இறக்குறம். ஆறு பேர் போற போட். நெடுந்தீவுக்கு அங்காலை மூண்டு நாள் தங்கல். ஆரை ஓட்டியாப் போடுறது எண்டு ஒரு கிழமையா யோசிச்சன். நீதான். றயனையும் கூட்டிக்கொண்டு போ."

நெடுந்தீவுக்கு அப்பால் இராத்திரியில் இந்திய ரோலர்கள், பெரிய இழுவைப்படகுகள், வரும். சில நேரம் விளக்கில்லாமல் வரும். கண் நல்லாயிருக்கிறவனே தப்புவது பாடு. எங்கள் களப்பில் தடியில் முட்டினால் நடந்து கரைக்கு வரலாம். அங்கே நடக்க நிலம் இல்லை.

இவர் யோசிக்கவே இல்லை. "ஓம் அண்ணை, போறன்," என்றார்.

"அவருக்குக் கண் தெரியாது அண்ணை," என்றேன்.

அது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே ஐமிச்சமாக இருந்தது. சம்மாட்டி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன தங்கச்சி கதைக்கிறாய்? இப்பதானே என்ரை கண்ணுக்கு முன்னாலை தனியப் போய் வோட்டுப் போட்டிட்டு வந்தவன்!"

"உவளுக்குப் பயம் அண்ணை," என்றார் இவர். குரல் நடுங்கவில்லை. "மூண்டு நாள் தங்கல் எண்டவுடனை தொடங்கியிட்டாள். நீங்கள் காதிலை விழுத்தாதேங்கோ."

"எல்லா மனுசிமாரும் உப்பிடித்தான்," என்று சம்மாட்டி திரும்பி நடக்க வெளிக்கிட்டார்.

நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். சம்மாட்டியின் சேட்டில் கை வைத்த பொம்பிளை குருநகரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

றயன் அங்கேதான் நின்றான். நான் சம்மாட்டியோடு கதைக்கத் தொடங்கியதும் மாமி ஏன் இப்படிப் பதறுகிறா என்று பார்க்க வந்து, இவருக்கு நேர் முன்னால், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் என் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அண்ணை, நில்லுங்கோ," என்றேன். பிறகு இவரிடம் திரும்பினேன். "உங்களுக்கு முன்னாலை நிக்கிறது ஆர் எண்டு சொல்லுங்கோ. நான் வாய் மூடுறன். இனி உங்கடை தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்."

அவர் முகத்தை முன்னே திருப்பினார். இடது கண்ணின் ஓரத்தைக் கொண்டுவரத் தலையைக் கொஞ்சம் சரித்தார். உருவம் தெரிந்திருக்கும், இளம் ஆள் என்பதும் தெரிந்திருக்கும். உதடு அசைந்தது. எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"என்னடா கீர்த்திகன்," என்றார், நல்ல உசாராக. "வோட்டுப் போட்டிட்டியோ?"

கீர்த்திகன் சம்மாட்டியின் ஐஸ் வண்டி ஓட்டுகிற பொடியன். அவன் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

றயன் ஓர் அடி பின்னால் வைத்தான். எத்தனை பயணம் போனேன், எத்தனை இருட்டுக்குள் போனேன் என்று அவனுடைய மூளை எண்ணத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. சம்மாட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா," என்றான் றயன். "நான் றயன்."

இவர் அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எங்கே நிற்கிறேன் என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

"சொல்லிப்போட்டாய் என்ன," என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன்.

கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டார். பள்ளிக்கூட மதிலில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு தனியாக நடக்கத் தொடங்கினார். வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷம் இந்தச் சனத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனுசன் அவர். அதை நான் ஒரு வாய்ச் சொல்லில் தின்றுவிட்டேன். இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மதில் முடிகிற இடத்தில் றோட்டு. மோட்டார்சைக்கிள்கள் சீறிக்கொண்டு போயின. அவருடைய கை வெறும் காற்றைத் தடவியது. அங்கேயே நின்றுவிட்டார்.

றயன் ஓடினான். ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தான்.

அந்தக் கையை அவர் உதறவில்லை.